எதிர் நாற்காலியில் இருந்தவர் எழுதிய கதைகள்

உளச் சிகிச்சையாளர்கள் தங்கள் அறைக்குள் நடந்ததைத் தாங்களே எழுதிய, கீழே வைக்க மனம் வராத புத்தகங்கள் எவை, சிங்கப்பூரில் அவற்றை எப்படித் தேடிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகமும் வேண்டாம், சுயமுன்னேற்ற நூலும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, ஆலோசனைக்குப் போகத் தயங்கும் தம்பியிடம் இவற்றில் ஒன்றைக் கொடுக்கலாமா என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலைச் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்தவள் இல்லை. ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை பார்ப்பவள். அப்பா காலமான பிறகு பல மாதங்கள் இரவு மூன்று மணிக்கு மேல் எனக்கு உறக்கம் வராமல் போனது. பலதுறை மருந்தகத்தில் என்னைப் பார்த்த மருத்துவர் ஓர் உளவள ஆலோசகரிடம் அனுப்பினார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அவரிடம் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் வெளியே வந்து பேருந்துக்காக நிற்கும்போது ஒரே கேள்விதான் மனத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்: நான் அழுதுகொண்டே பேசியபோது எதிர் நாற்காலியில் இருந்தவர் உள்ளுக்குள் என்ன நினைத்தார்? அவரிடம் நேரில் கேட்கத் துணிவு வரவில்லை. ஆகவே தோ பாயோ நூலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் புத்தகங்களைத் தேடத் தொடங்கினேன். அப்படித் தொடங்கியது இன்றுவரை நிற்கவில்லை.

இத்தனை படித்த பிறகு எனக்குள் ஓர் அளவுகோல் உருவாகியிருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு கதைகளுக்குள் சிகிச்சையாளர் எங்கேயாவது தடுமாறுகிறாரா என்று பாருங்கள். நோயாளர் சிக்கலோடு வருகிறார், சிகிச்சையாளர் துப்பறிவாளர்போல் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கிறார், நோயாளர் நன்றி சொல்லிக் கண்ணீரோடு விடைபெறுகிறார் என்றே ஒவ்வொரு அத்தியாயமும் போனால் அந்தப் புத்தகம் விளம்பரத்திற்கு அருகில் வந்துவிடுகிறது. மாறாக, எழுதுகிறவர் தம் எரிச்சலையும் அருவருப்பையும் தோல்வியையும் மறைக்காமல் வைத்தால், அந்த அறைக்குள் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நம்மால் நம்ப முடிகிறது. படிப்பவரைக் கட்டிப்போடும் ஈர்ப்பும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இந்த அளவுகோலில் எனக்கு முதலில் நிற்பவர் இர்வின் யாலோம். 1931-இல் வாஷிங்டனில் பிறந்து, பெற்றோரின் மளிகைக் கடைக்கு மேலிருந்த சிறிய வீட்டில் வளர்ந்து, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். 1989-இல் வெளிவந்த ‘லவ்ஸ் எக்ஸிகியூஷனர்’ என்ற அவரது நூலில் பத்துக் கதைகள் உள்ளன. முதல் கதையில் எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், எட்டு ஆண்டுகளுக்கு முன் இருபத்தேழு நாள் மட்டுமே நீடித்த ஒரு காதலிலிருந்து மீள முடியாமல் வருகிறார். அந்தக் காதலன் அவருடைய முன்னாள் சிகிச்சையாளர். காதல்வயப்பட்டவர்களோடு வேலை செய்ய எனக்குப் பிடிக்காது என்று யாலோம் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார், அதற்குப் பொறாமைகூட ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார். அந்தப் பெண்மணியின் மாயையை உடைத்தே தீருவது என்று அவர் முனைவதைப் படிக்கும்போது, இந்த முனைப்பு யாருக்காக என்ற கேள்வி நமக்குள் எழுகிறது. அந்தக் கேள்வியை அவர் நமக்காகத் திறந்தே வைத்திருக்கிறார்.

அதே நூலில் உடல் பருமனான பெட்டி என்ற பெண்ணின் கதை இன்னும் கடுமையானது. அவர் அறைக்குள் நுழைந்த கணத்திலேயே தமக்குள் எழுந்த அருவருப்பை யாலோம் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறார். முதன்முறை படித்தபோது கோபத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுநாள் ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் மீண்டும் திறந்தேன். பெட்டி எடை குறையக் குறைய, ஒவ்வோர் எடையையும் கடக்கும்போது முன்பு அந்த எடையில் இருந்த காலத்தின் நினைவுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கடைசியில், மறைத்துவிட்டதாக யாலோம் நினைத்திருந்த அருவருப்பைப் பெட்டி தொடக்கத்திலிருந்தே அறிந்திருந்தார் என்பது தெரியவருகிறது. எதிர் நாற்காலியில் இருப்பவர் என்ன நினைக்கிறார் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். நாற்காலியின் இந்தப் பக்கத்தில் இருப்பவருக்கும் பல நேரம் அது தெரிந்துதான் இருக்கிறது என்ற பதில் அந்தக் கதையில் எனக்குக் கிடைத்தது.

யாலோமின் இன்னொரு நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் அதைத் தவறவிட்டுவிடுகிறார்கள். 1974-இல் வெளிவந்த ‘எவ்ரி டே கெட்ஸ் எ லிட்டில் குளோசர்’ என்ற அந்த நூலை அவர் ஜின்னி என்ற புனைபெயர் கொண்ட நோயாளரோடு சேர்ந்து எழுதினார். ஜின்னி எழுத்தாளர், எழுத முடியாமல் முடங்கிப்போயிருந்தவர். கட்டணத்திற்குப் பதிலாக, ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் நடந்ததைத் தணிக்கையின்றி எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. யாலோமும் தம் பங்குக்கு எழுதினார். சில மாதங்களுக்கு ஒருமுறை ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார்கள். ஒரே மணி நேரத்தை இருவரும் இரண்டு வேறு உலகங்களாகப் பார்த்திருக்கிறார்கள். யாலோம் பெருமையோடு குறித்து வைத்திருந்த நுட்பமான விளக்கங்கள் பல ஜின்னியின் பக்கங்களில் இடம்பெறவே இல்லை. தம் உடையைப் பற்றி யாலோம் சொன்ன ஒரு நல்ல வார்த்தை போன்ற சிறிய செயல்களைத்தான் ஜின்னி பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். இதைப் படித்த அன்றிரவு, என் ஆலோசகரிடம் போய்வந்த ஓராண்டை நினைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன அறிவுரைகளில் இரண்டோ மூன்றோதான் நினைவில் இருக்கின்றன. ஆனால் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய நாளில் அவர் அதை இரு கைகளாலும் வாங்கி, துடைக்காமல், வெகுநேரம் வைத்திருந்து திருப்பித் தந்தது இன்றும் கண்முன் நிற்கிறது.

சற்றுப் பழைய நூல்களில் ராபர்ட் லிண்ட்னர் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1955-இல் வெளியிட்ட ‘த ஃபிஃப்டி மினிட் அவர்’ ஒன்று போதும். ஐம்பது நிமிடம் என்பது ஒரு சந்திப்பின் நேரம். ஐந்து கதைகளில் கடைசிக் கதை ஒரு இயற்பியலாளரைப் பற்றியது. வேறொரு கோள்மண்டலத்தின் அரசன் தாமே என்று நம்பும் அவர், அந்த உலகத்துக்கான வரைபடங்கள், வம்சாவளிகள், வரலாறு என ஆயிரக்கணக்கான பக்கங்களை எழுதிக் குவித்திருக்கிறார். அவரை மீட்க வேண்டுமானால் அந்த உலகத்துக்குள் தானும் நுழைய வேண்டும் என்று முடிவு செய்து லிண்ட்னர் நுழைகிறார். வரைபடங்களின் பிழைகளைத் திருத்துவதில் தொடங்கி, நாளடைவில் அந்த உலகம் அவரையே விழுங்கத் தொடங்குகிறது. ஒருநாள் நோயாளர் உண்மையைச் சொல்கிறார்: அந்த நம்பிக்கை தமக்கு வாரக்கணக்கில் முன்பே போய்விட்டது, லிண்ட்னர் அதில் இவ்வளவு ஈடுபாட்டோடு இருப்பதைக் கண்டு தொடர்ந்து நடித்துவந்திருக்கிறார். எந்தப் புனைகதையிலும் இத்தகைய திருப்பத்தை நான் படித்ததில்லை.

இப்போது, தம்பிக்காக நீங்கள் கேட்ட புத்தகத்திற்கு வருகிறேன். ஸ்டீஃபன் குரோஸ் அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் செய்யும் உளப்பகுப்பாய்வாளர். இருபத்தைந்து ஆண்டுகளில் ஐம்பதாயிரம் மணி நேரத்துக்கு மேல் கேட்ட பேச்சிலிருந்து எழுதிய ‘தி எக்ஸாமின்ட் லைஃப்’ 2013-இல் வெளிவந்தது. பெரும்பாலான அத்தியாயங்கள் சில பக்கங்கள் மட்டுமே. தோ பாயோவில் ஏறினால் சிட்டி ஹால் வருவதற்குள் ஒன்றை முடித்துவிடலாம். கலைச்சொற்களே இல்லை. முதல் கதையில் வரும் இளைஞரைப் பற்றி ஒருநாள் கடிதம் வருகிறது: அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று அவருடைய காதலி எழுதியிருக்கிறார். குரோஸ் நிலைகுலைந்து போகிறார், எங்கே தவறினோம் என்று தம்மையே குடைந்துகொள்கிறார். மாதங்கள் கழித்து அதே இளைஞர் தொலைபேசியில் அழைத்து, தாம் சாகவில்லை என்கிறார். பேச்சு வராத பருவத்திலேயே பெற்றோரிடம் அடிவாங்கிய அவரிடம் அந்தத் துன்பத்தைச் சொல்வதற்குச் சொற்கள் இல்லை, ஆகவே தாம் அனுபவித்த அதிர்ச்சியையும் பயத்தையும் மற்றவர்களுக்குள் உண்டாக்கித்தான் அவரால் பேச முடிந்தது என்று குரோஸ் மெல்ல உணர்கிறார். சொல்ல முடியாத கதை மனிதரை ஆட்டிவைக்கும் விதத்தை இவ்வளவு சில பக்கங்களில் யாரும் எனக்கு விளக்கியதில்லை. ஆனால் அந்தக் கதையில் தற்கொலைச் செய்தி வருவதால், தம்பியின் மனநிலையை அறிந்து கொடுங்கள். அத்தியாயங்கள் தனித்தனியானவை என்பதால் அதைத் தாண்டிப் போவதும் எளிது.

இந்த வகை எழுத்தின் வேர் ஃபிராய்டிடம் இருக்கிறது. 1895-இல் அவரும் யோசஃப் பிராய்யரும் சேர்ந்து வெளியிட்ட ஹிஸ்டீரியா பற்றிய ஆய்வுகளில், தம் நோயாளர் குறிப்புகள் சிறுகதைகள்போல் இருப்பது தமக்கே விசித்திரமாகப் படுகிறது என்று ஃபிராய்ட் எழுதினார். அந்த நூலில் காத்தரீனா என்ற பெண்ணின் பகுதியைப் படித்துப் பாருங்கள். மலையேறிய இடத்தில் விடுதியில் வேலை செய்யும் இளம்பெண் ஒருத்தி, நீங்கள் மருத்துவரா என்று கேட்டு மூச்சுத்திணறலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாள். அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டவர் அவளுடைய மாமா என்று நூல் சொன்னது. கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் கழித்து, 1924-இல் சேர்த்த அடிக்குறிப்பில், அவர் மாமா இல்லை, அவளுடைய தந்தை என்று ஃபிராய்ட் வெளிப்படுத்தினார். அடையாளத்தை மறைப்பதற்காகக்கூட இப்படிப்பட்ட மாற்றத்தைச் செய்திருக்கக் கூடாது என்றும் எழுதினார். ஊரை மாற்றலாம், உறவை மாற்றினால் கதையின் பொருளே மாறிவிடும் என்பதுதான் அதன் காரணம்.

அதே நூலில் ‘ஆனா ஓ’ என்ற பெயரில் பிராய்யர் எழுதிய பெண் குணமடைந்ததாகவே கதை முடிகிறது. உண்மையில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற அந்தப் பெண் அதற்குப் பிறகும் சிகிச்சை இல்லங்களில் காலம் கழித்திருக்கிறார். பின்னாளில் மீண்டு வந்து, 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. நிறைவான முடிவுகளைக் கண்டால் நான் சந்தேகப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாளத்தை மறைப்பது பற்றிய இந்தக் கேள்வி சிங்கப்பூர்த் தமிழர்களாகிய நமக்கு இன்னும் நெருக்கமானது. லண்டனில் ஒரு வழக்கறிஞர் என்றால் அவர் யாராகவும் இருக்கலாம். இங்கே உட்லண்ட்சில் வசிக்கும், இரட்டைப் பெண்பிள்ளைகள் உள்ள, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் என்று ஒருவர் எழுதினால், அடுத்த திருமண விருந்திலேயே நான்கு பேர் அவர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். நம்மவர்களின் வாழ்க்கையிலிருந்து இத்தகைய நூல் ஒன்று வர வேண்டும் என்று நான் மிகவும் ஏங்குகிறேன். அதை எழுதக்கூடியவர்கள் ஏன் தயங்குவார்கள் என்பதும் எனக்குப் புரிகிறது.

குழந்தைகளைப் பற்றிய நூல் வேண்டுமானால் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1964-இல் எழுதிய ‘டிப்ஸ்: இன் சர்ச் ஆஃப் செல்ஃப்’ இருக்கிறது. பள்ளியில் பேசாமல் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளும் ஐந்து வயதுச் சிறுவன், விளையாட்டு அறையில் பொம்மைகளையும் மணலையும் கொண்டு தன் கோபத்தைச் சொல்லப் பழகுகிறான். ஆக்ஸ்லைன் அநேகமாக எதையும் செய்வதில்லை. அவன் சொன்னதையே மென்மையாகத் திரும்பச் சொல்கிறார், காத்திருக்கிறார். அந்தப் பொறுமையைப் படிப்பதே ஓர் அனுபவம். லோரி காட்லீப்பின் ‘மேபி யூ ஷுட் டாக் டு சம்ஒன்’ 2019-இல் வந்தது, பலரும் அறிந்ததுதான். சிகிச்சையாளரே உடைந்துபோய் இன்னொரு சிகிச்சையாளரிடம் போவதால் என் அளவுகோலில் எளிதாகத் தேறுகிறது, தொலைக்காட்சித் தொடரின் வேகத்தில் நகர்கிறது.

ஆலிவர் சாக்ஸைப் பலர் பரிந்துரைப்பார்கள். மிகச் சிறந்த எழுத்து, ஐயமில்லை. ஆனால் அவர் நரம்பியல் மருத்துவர். மூளையில் ஏற்பட்ட பாதிப்புகளைப் பற்றி எழுதியவர். பேச்சின் வழியாக ஒருவர் மாறுவதைத் தேடுகிற உங்களுக்கு அது பக்கத்து வீடு.

நம் பண்பாட்டுக்கு அருகில் வர வேண்டுமானால் டெல்லியில் தொழில் செய்த உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் 1982-இல் வெளியிட்ட ‘ஷாமன்ஸ், மிஸ்டிக்ஸ் அண்ட் டாக்டர்ஸ்’ படியுங்கள். ராஜஸ்தானில் பேய் பிடித்தவர்கள் என்று அழைத்து வரப்படுவோர் கூடும் பாலாஜி கோவிலில் அமர்ந்து, அவர்களையும் அவர்களோடு வந்த குடும்பத்தாரையும் அவர் கேலியின்றிக் கவனித்து எழுதுகிறார். எனக்கு உறக்கம் போன நாள்களில் அம்மா, திருச்சிக்கு அருகே உள்ள குணசீலம் பெருமாள் கோவிலில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், தங்கிவிட்டு வரச் சொன்னார். அன்று அதை மறுத்துப் பேசினேன். கக்கரைப் படித்த பிறகு, அம்மா சொன்னதில் தனிமையில் விடாமல் உன்னோடு நானும் வந்து தங்குகிறேன் என்ற பொருளும் இருந்தது எனக்கு விளங்கியது. ஆலோசகரிடம் போனது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அம்மாவிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

இனித் தேடும் வழி. தேசிய நூலக வாரியத்தின் பட்டியலில் ‘சைக்கோதெரபி’, ‘கேஸ் ஸ்டடீஸ்’ ஆகிய இரண்டு சொற்றொடர்களையும் ஆங்கிலத்தில் சேர்த்துத் தேடுங்கள்; நூலகங்கள் இந்த வகைக்குப் பயன்படுத்தும் பொருள்தலைப்பு அதுதான். அலமாரியில் நேரடியாகத் தேடுவதானால் 616.89 என்ற எண்ணில் தொடங்கும் வரிசைக்குப் போங்கள். 150-இல் தொடங்கும் உளவியல் வரிசையில் பெரும்பாலும் சுயமுன்னேற்ற நூல்கள்தான் கண்ணில் படும், அங்கே நேரத்தை வீணாக்க வேண்டாம். விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்தளங்களில் உள்ள லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்து நூல்களை அங்கேயே அமர்ந்து படிக்கலாம், வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. இரவல் பெறுவதற்கு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள பொது நூலகத்துக்குப் போக வேண்டும். கையில் நூல் கிடைக்காவிட்டால் லிப்பி செயலியில் மின்னூலாகவோ ஒலிநூலாகவோ தேடிப் பாருங்கள். லிண்ட்னர், ஆக்ஸ்லைன் போன்ற பழைய நூல்களுக்கு, தேசிய நூலகத்துக்கு எதிரே சில நிமிட நடையில் இருக்கும் பிராஸ் பசா காம்ப்ளெக்சின் பழைய புத்தகக் கடைகளையும் ஒரு சனிக்கிழமை சுற்றி வரலாம்.

தம்பியைப் பற்றி. புத்தகத்தைக் கொடுக்கும்போது உனக்கு உதவும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் படித்தேன், இந்தக் கதை எனக்குப் பிடித்தது என்று மட்டும் சொல்லுங்கள். நம் வீடுகளில் இந்த விஷயத்தில் இன்னும் ‘உட்பிரிட்ஜ்’ என்ற பழைய மனநல மருத்துவமனைப் பெயர் வசைச்சொல்லாகவே ஒலிக்கிறது. அக்கறையோடு நீட்டிய புத்தகம்கூட அவருக்கு ஒரு தீர்ப்புபோல் தோன்றலாம். குரோஸின் நூலை வரவேற்பறை மேசையில் வைத்துவிட்டு, நீங்களே தினமும் ஓர் அத்தியாயம் படியுங்கள். ஆலோசனை அறைக்குள் என்ன நடக்கும் என்ற அச்சம்தான் தயக்கத்துக்குக் காரணம் என்றால், அந்த அச்சத்தை இந்த நூல் பெருமளவு குறைக்கும். என் தங்கைக்குக் குறைத்தது. வாழப் பிடிக்கவில்லை என்ற சாயலில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மட்டும் புத்தகத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்பு அமைப்பான சமாரிட்டன்ஸின் 1767 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், அவருக்காக நீங்களும் அழைத்துப் பேசலாம்.

உங்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்வதானால், யாலோமின் பத்துக் கதைகளில் பெட்டியின் கதையிலிருந்து தொடங்குங்கள். நடுவில் கோபம் வந்து மூடிவிட்டால் ஒருநாள் விட்டுத் திறங்கள். இரவல் காலம் இருபத்தொரு நாள் இருக்கிறது.